வாளியின் கைப்பிடிக் கம்பி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழைய தேக்குக் கதவுகளையும் தூண்களையும் வாங்கிப் புதுப்பித்து விற்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “டிரம்மிலிருந்து டொலுவீன் என்ற பெயின்ட் கரைப்பானைப் பிளாஸ்டிக் வாளியில் பிடித்துக்கொண்டிருந்தபோது குப்பென்று பற்றிக்கொண்டது. பட்டறையில் அடுப்பு கிடையாது, யாரும் பீடி குடிக்கவில்லை, அந்த நேரத்தில் மின்சாரமும் இல்லை. தீ எங்கிருந்து வந்தது?” நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. அக்கம்பக்கத்தார் கண்திருஷ்டி என்று முடிவு கட்டிவிட்டார்களாம்.

எனக்கு அந்த வாளியின் மேல்தான் சந்தேகம்.

எரிவது திரவம் அல்ல, அதன் ஆவி. டொலுவீன் 4 டிகிரி செல்சியஸிலேயே பற்றும் அளவுக்கு ஆவியாகிவிடும். செட்டிநாட்டு மார்கழி விடியலில்கூட அவ்வளவு குளிர் கிடையாது. காற்றில் அந்த ஆவி ஏறக்குறைய 1 முதல் 7 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். இதெல்லாம் பள்ளிப் பாடம். பொறி எப்படி வந்தது என்பதுதான் சுவாரசியம்.

திரவம் குழாயின் சுவரைத் தொடும் இடத்தில், சுவர் ஒருவகை அயனிகளை, அதாவது மின்னூட்டம் ஏறிய துகள்களை, தன்மேல் பிடித்து வைத்துக்கொள்ளும். எதிர்வகை அயனிகள் சற்றே தள்ளித் திரவத்துக்குள் நிற்கும். இதை மின் இரட்டை அடுக்கு என்பார்கள். திரவம் அசையாதவரை கணக்கு நேராகிவிடும். ஓடத் தொடங்கியதும், சுவரில் ஒட்டியவை அங்கேயே நிற்க, தள்ளி நின்றவற்றை ஓட்டம் வாரிக்கொண்டு போகிறது. ஆக, வாளியில் விழும் டொலுவீன் ஒரேவகை மின்னூட்டத்தைச் சுமந்துகொண்டுதான் விழுகிறது. டொலுவீனில் அயனி ஏது என்று கேட்பீர்கள். சுவடளவு மாசு போதும். எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான். அயனிகள் ஏராளமாக உள்ள ஸ்பிரிட்டில் பிரிந்த மின்னூட்டம் கண்ணிமைப்பதற்குள் வழி தேடிப் போய்விடும். அயனி அறவே இல்லையென்றால் பிரிவதற்கே ஒன்றுமில்லை. டொலுவீனோ இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பேர்வழி: பிரியவும் செய்யும், பிரிந்தது வடிவதற்கு 20 வினாடிகளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். நைலான் துணியில் வடிகட்டினீர்களானால் உரசும் பரப்பு பெருகி மின்னூட்டம் பல மடங்காகிவிடும்.

பிளாஸ்டிக் வாளியிலிருந்து அது தரைக்கு இறங்க வழியில்லை. வாளியின் இரும்புக் கைப்பிடியோ எதோடும் சேராமல் தொங்குகிறது. அதில் மின்னூட்டம் ஏறி, டிரம்மின் குழாய்முனைக்கோ உங்கள் விரலுக்கோ அருகே வந்ததும் தாவிவிடுகிறது. டொலுவீன் ஆவியைப் பற்றவைக்க 0.24 மில்லிஜூல் ஆற்றல் போதும். விரலில் சுரீரென்று உறைப்பதற்கே ஏறத்தாழ 1 மில்லிஜூல் வேண்டும். அதாவது, உங்களுக்கு உறைக்காத பொறியே கொளுத்திவிடும்.

பெரிய ஆலைகளும் இதிலிருந்து தப்பியதில்லை. 2007 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து வேலி சென்டரில் ஒரு கரைப்பான் கிடங்கு வெடித்தது. ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. விசாரணை சுட்டிய காரணத்தைப் பாருங்கள்: தொட்டிக்கு எர்த் இருந்தது, உள்ளே மட்டத்தைக் காட்டும் மிதவையின் இணைப்புதான் தளர்ந்திருந்தது. தளர்ந்த அந்தத் துண்டு இரும்பு தனித்துப்போய் மின்னூட்டத்தைச் சேர்த்திருக்கிறது. நம் வாளிக் கைப்பிடியின் பெரிய அண்ணன்! ஆலைகளில் நுழைகுழாய் திரவத்தில் மூழ்கும்வரை வினாடிக்கு 1 மீட்டர் வேகத்துக்கு மேல் விடக் கூடாது என்பதும், கலனில் திரவத்துக்கு மேலுள்ள காலி இடத்தில் நைட்ரஜனை நிரப்புவதும் இந்தப் பயத்தால்தான்.

திருஷ்டி விஷயத்துக்கும் ஒரு வார்த்தை. பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றி வாசலில் சுற்றிப் போடுவது அவரவர் நம்பிக்கை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் காற்றைவிட மூன்று மடங்கு கனமான ஆவி தரையோடு தரையாக வாசலுக்கு ஊர்ந்து வரும் பட்டறையில் அதைச் செய்வதை நான் எதிர்க்கிறேன், கோபமாகவே.

இரட்டை அடுக்கைப் பற்றித் தெரிந்தவர்களைத் தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இதே ஊரில்தான் இருக்கிறது. மின்கல ஆராய்ச்சிக்கும் அரிப்புத் தடுப்புக்கும் அடித்தளமே இந்த அடுக்குதான். மின்கலத்துக்கு நிதி வருகிறது. பட்டறைக்காரரின் கரைப்பான் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று அளந்து சொல்லும் சில்லறை வேலைக்கு யார் தருவார்கள்? நம் ஆராய்ச்சி நிதிக்குழுக்களுக்குக் கவர்ச்சியில்லாத பாதுகாப்பு கண்ணிலேயே படுவதில்லை.

அதுவரைக்கும் வாசகர் செய்ய வேண்டியது: பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிப் போட்டுவிட்டு இரும்புக் கேன் வாங்குங்கள். கேனையும் டிரம்மையும் செம்புக் கம்பியால் இணைத்து, டிரம்மிலிருந்து எர்த்துக்கு இன்னொரு கம்பி கொடுங்கள். ஊற்றத் தொடங்கும் முன்பே இணைப்பு இருக்க வேண்டும், ஊற்றி முடித்தவுடன் கழற்றவும் கூடாது. கிளிப்பைப் பெயின்டின் மேல் மாட்டினால் மாட்டாததற்குச் சமம். பற்கள் இரும்பில் பதியும்வரை அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.