கன்றை விற்பதற்கு முன்

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மாட்டுக்குச் சினை பார்க்கப் போயிருந்தேன். வேலை முடிந்து கை கழுவும்போது வீட்டுக்கார அக்கா மெதுவாகக் கேட்டார்: "கன்னுக்குட்டிய வித்துடச் சொல்றாங்க டொக்டர். வித்துடவா?"

அவருடைய நான்கு வயது மகளுக்கு ஒரு மாதமாக வயிறு சரியில்லை. பேதி போகும், நிற்கும், மறுபடி வரும். மலத்தில் எண்ணெய்ப்பசை, தாங்க முடியாத நாற்றம். சாப்பிட்டாலும் வயிறு உப்பிக்கொள்கிறது, பிள்ளை இளைத்துக்கொண்டே போகிறாள். ஆஸ்பத்திரியில் மலம் சோதித்து ஜியார்டியா என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். கொட்டிலில் நின்ற ஆறு வாரக் கன்றும் அந்த நேரம் பார்த்துக் கழிந்துகொண்டிருந்தது. சரி, லயமே (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) சேர்ந்து கன்றைக் கைகாட்டிவிட்டது. அதுவோ கிடாரிக் கன்று. கொழுந்துச் சம்பளத்துக்கு அடுத்து அந்த வீட்டுக்கு வருகிற காசு பால்காசுதான்.

"அவசரப்படாதீங்க அக்கா" என்றேன். காரணத்தை விளக்க அரை மணி நேரம் ஆனது. அதையே இங்கே எழுதுகிறேன்.

ஜியார்டியா புழு இல்லை. ஒற்றைக் கல உயிரி. சிறுகுடல் சுவரில் ஒட்டிக்கொண்டு, உணவின் சத்து உடம்பில் சேராமல் தடுக்கும். மலத்தோடு வெளியே வரும்போது தடித்த ஓடு போர்த்திய சிறு உருண்டையாக வரும். வட்டப்புழு முட்டை மண்ணில் சில வாரம் கிடந்தால்தான் தொற்றும். இந்த உருண்டை வந்த நிமிடமே தொற்றும். பத்து உருண்டை வயிற்றுக்குள் போனாலே போதும். பிள்ளை மடுவத்தில், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில், ஒரு பிள்ளைக்கு வந்தால் மற்றப் பிள்ளைகளுக்கும் பரவுவது இதனால்தான். பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரை ஒன்றைப் போட்டுவிட்டு இது போய்விடும் என்று இருக்கக்கூடாது. இதற்கு மருந்து வேறு, அதை டொக்டர்தான் எழுதவேண்டும்.

இனி கன்றின் கதைக்கு வருவோம். நுணுக்குக்காட்டியில் எல்லா ஜியார்டியாவும் ஒரே முகம்தான். மரபணுவைப் பார்த்தால்தான் உள்ளே ஏ முதல் எச் வரை எட்டு வகை இருப்பது தெரியும். மனிதரைப் பிடிப்பவை பெரும்பாலும் ஏ, பி இரண்டும்தான். சி, டி நாய்க்குரியவை. எஃப் பூனைக்கு, ஜி எலிக்கு, எச் கடல்நாய்க்கு. மாடு, ஆடு, பன்றி இவற்றில் அதிகம் காணப்படுவது இ. ஆகவே கன்றும் பிள்ளையும் ஒரே நேரத்தில் கழிந்தாலும், இரண்டு வயிற்றிலும் இருப்பது ஒரே வகை என்று சொல்லிவிட முடியாது.

அதற்காகக் கன்றுக்கு நான் முழு நற்சான்றிதழ் தரவும் மாட்டேன். ஏ வகை கன்றுகளிலும் வரும். இ வகையும் எகிப்திலும் அவுஸ்திரேலியாவிலும் மனிதரிடம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஏ வகைக்குள்ளும் உட்பிரிவு உண்டு: விலங்குகளில் அதிகம் வருவது ஏ-1, மனிதரில் அதிகம் வருவது ஏ-2. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கவேண்டும். சாதாரண மலப் பரிசோதனை அந்த அளவுக்குப் போகாது.

அக்காவோடு தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு நடந்தேன். லயத்துக்கே குடிநீர் அந்த ஊற்றிலிருந்துதான். ஊற்றுக்குப் பக்கத்து மேட்டில் மாட்டுக்கொட்டில்; மூத்திரமும் சாணமும் கரைந்து கானில் இறங்குகின்றன. இன்னும் மேலே ஏறினால், நிரம்பி வழியும் ஒரு கழிப்பறைக் குழி. எனக்கு நெஞ்சு கனத்தது. நான்கு வயதுப் பிள்ளை குடிக்கிற தண்ணீர் இது. கன்றிடமிருந்து அவளுக்கு வந்திருக்கலாம், ஆனால் மனித மலத்திலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். கன்றை விற்றால் அந்தக் குழி மூடிவிடுமா?

நம்முடைய குளிர்ந்த தண்ணீரில் இந்த உருண்டைகள் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கிணற்றுக்குப் போடும் குளோரினுக்கும் எளிதில் சாகாது, கலங்கிய தண்ணீர் என்றால் இன்னும் கடினம். கொதி தாங்காது. தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் செத்துவிடும். வெயிலும் ஆகாது, நன்றாகக் காய்ந்தால் பிழைக்காது. லீக்ஸ், கரட் பாத்திக்குப் பச்சைச் சாணம் போடாதீர்கள், மக்கவிட்டுக் காயவைத்துப் போடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். கன்றுப் பட்டியின் தரையை ஈரமில்லாமல் வைத்தால் கன்றுக்கும் நல்லது. மருந்து மட்டும் கொடுத்துவிட்டு ஈரச் சாணத்திலேயே விட்டால் திரும்பவும் தொற்றும். கன்றுக்குப் பால் காட்டிய கையோடு பிள்ளைக்குச் சோறு ஊட்டவேண்டாம், சோப்பு போட்டுக் கழுவிவிட்டு ஊட்டுங்கள்.

இன்னொன்று. மலத்தில் இது தினமும் தெரியாது. ஒரு தடவை 'இல்லை' என்று வந்தாலும் பேதி நிற்காவிட்டால், வேறு வேறு நாட்களில் மூன்று தடவையாவது மலம் கொடுத்துப் பாருங்கள். அந்த வீட்டில் அண்ணன்காரனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மூன்றாவது சோதனையில் அவனுக்கும் ஜியார்டியா இருந்தது.

போன மாதம் மறுபடி போனேன். மகள் தேறியிருக்கிறாள். கொட்டிலை ஊற்றுக்குக் கீழே மாற்றிவிட்டார்கள், கிடாரி கொழுகொழுவென்று நிற்கிறது. மேட்டில் அந்தக் குழி மட்டும் அப்படியே இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் நானும் சேர்ந்து தோட்ட நிர்வாகத்துக்கு இரண்டாவது கடிதமும் கொடுத்திருக்கிறோம். மே கடைசியில் மழை இறங்கிவிடும், அதற்குள் அது மூடப்படவேண்டும்.