அமினோ அமில அறிக்கை நார்மல் என்றால் புரதம் போதுமானது என்று பொருளல்ல

புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களை இரத்தத்தில் அளக்கும் பரிசோதனை, பிறவியிலேயே வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ள குழந்தைகளைக் கண்டறிவதற்கே முதன்மையாகப் பயன்படுவது. அதைப் பெரியவர்களின் சாப்பாட்டுக்கு மதிப்பெண் போடும் கருவியாக நினைத்து, பணம் கட்டி எடுத்துக்கொண்டு வருவோரைச் சென்னையில் அடிக்கடி பார்க்கிறேன்.

சென்ற வாரம் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவை மகள் அழைத்து வந்திருந்தார். "எல்லாம் பச்சையாத்தான் காட்டுது டாக்டர், அப்புறம் ஏன் அம்மாவால எழுந்து நிக்க முடியல?" என்று கைபேசியை நீட்டினார். அந்த அம்மாவின் வளையல்கள் கையைத் தூக்கியதும் முழங்கை வரை இறங்கின. கெண்டைக்கால் சுற்றளவு 28 சென்டிமீட்டர். ஆசியப் பெண்களுக்கு 33-க்குக் கீழே போனாலே தசை இழப்பைச் சந்தேகிக்க வேண்டும். பல் எடுத்த பிறகு காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு மோர் சாதம் என்பதே அவருடைய உணவு என்று விசாரித்த பிறகுதான் தெரிந்தது.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. உணவில் புரதம் குறைந்தவுடன் இரத்தத்தில் அமினோ அமிலம் குறைந்துவிடுவதில்லை, ஏனெனில் உடல் தன் தசையைச் சிதைத்து அந்த அளவைக் காப்பாற்றிக்கொள்கிறது. நகையை அடகு வைத்து அடுப்பெரிக்கும் வீட்டில் அரிசிப் பானை நிறைந்துதான் இருக்கும். பானையை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு அந்தக் குடும்பத்துக்குக் குறையில்லை என்று சொல்லலாமா?

இந்தப் பரிசோதனைக்கு ஊட்டச்சத்து ஆய்வில் இடமே இல்லை என்பதல்ல. 1960-களில் உகாண்டாவில் ஒயிட்ஹெட், டீன் என்ற ஆய்வாளர்கள் இருவரும், உடல் வீங்கும் ஊட்டக்குறை நோயான குவாஷியோர்கர் கண்ட குழந்தைகளை ஆராய்ந்தபோது, லூசின், வேலின் போன்ற கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள் சரிந்திருந்தும் கிளைசின் போன்றவை அவ்வாறு சரியாததால், இரு வகைகளுக்கும் இடையிலான விகிதம் உயர்ந்திருப்பதைக் கண்டனர். ஆனால் எலும்பும் தோலுமாக மெலிந்த மராஸ்மஸ் குழந்தைகளிடம் அந்த விகிதம் பெரும்பாலும் இயல்பை ஒட்டியே இருந்தது. பட்டினியால் மிகவும் கரைந்துபோன குழந்தையையே தவறவிடும் அளவுகோல், ரசம் சாதத்தில் நாள் கழிக்கும் பாட்டியை எப்படிப் பிடிக்கும்?

அளவு குறைந்தோ கூடியோ இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். கல்லீரல் சுருக்க நோயில் கிளைச்சங்கிலி அமிலங்கள் குறையும். உடற்பருமனிலும் இன்சுலின் எதிர்ப்பிலும் கூடும். சாப்பிட்டுவிட்டு இரத்தம் கொடுத்தால் சில மணி நேரத்துக்கு எண்கள் ஏறியே இருக்கும். இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரிக்காமல் மாதிரியை வெயிலில் ஊர் சுற்றவிட்டால் குளுட்டமின் குறைந்து குளுட்டமேட் கூடிவிடும். சிவப்பணுக்கள் உடைந்தால் ஆர்ஜினின் ஆர்னித்தினாக மாறும். ஆய்வகத்தில் இருப்பவர்கள் இதை அறிவோம், அறிக்கை அதைச் சொல்லாது. இரத்தப் புரதமான அல்புமினும் இவ்விஷயத்தில் நம்பத்தக்கதன்று. ஒரு தொற்று வந்தாலே அது சரியும்.

எடை பார்க்கும் கருவியும் தையல் டேப்பும் போதும். மாதம் ஒருமுறை பெரியவர்களை எடை பாருங்கள். முயற்சி ஏதுமின்றி ஆறு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தால் ஒரு நாள் கூடத் தாமதிக்காதீர்கள்.

ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. 50 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 42 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம்தான் இருக்கிறது. அரிசியில் குறையும் லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பருப்பு ஈடு செய்யும் என்பதால், பல் இல்லாதவர்களுக்குக் குழைய வேகவைத்த பருப்புச் சாதம், வெண்பொங்கல், கெட்டித் தயிர், அவித்த முட்டை, முள் நீக்கிய மீன் என்று வேளைக்கு ஒன்றாவது கொடுங்கள். தயவுசெய்து விளம்பரத்தைப் பார்த்துப் புரதப் பொடி வாங்கி ஊற்றாதீர்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் புரதத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ மருத்துவரைக் கேட்ட பிறகே நடக்க வேண்டும்.