காலநிலை உச்சிமாநாடு: கேள்வியை நவம்பரில் கேட்டுப் பயனில்லை

மக்கள் பிரதிநிதிகள் அவையில் எழுப்பும் கேள்விகளுக்கு வரைவு தயாரித்துக் கொடுப்பது என் தொழில். காலநிலை மாற்றம் தொடர்பான கேள்விகளே என் பொறுப்பு. ஆண்டுதோறும் பெரும்பாலும் நவம்பரில் நடக்கும் ஐ.நா. காலநிலை உச்சிமாநாடு நெருங்கும்போது பல உறுப்பினர்கள் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றுதான்: “வரவிருக்கும் மாநாட்டுக்கு அரசு தயாராக உள்ளதா?” அதற்கு வரும் பதிலையும் நான் முன்கூட்டியே எழுதிவிடுவேன்: “ஆயத்தப் பணிகள் முழுவீச்சில் நடைபெற்று வருகின்றன. தொடர்புடைய அனைத்து அமைச்சகங்களுடனும் ஆலோசனை நடத்தப்பட்டு வருகிறது.” அதோடு அந்த விவகாரம் முடிந்துவிடும். அடுத்த கேள்விக்கு அவை போய்விடும்.

அதே கேள்வியை இப்படி மாற்றிப் பாருங்கள்: “பாதிப்புகளைத் தாங்கி வாழ்வதற்கான தகவமைப்பு நிதி குறித்து நமது பேச்சுவார்த்தைக் குழு எடுக்க வேண்டிய நிலைப்பாட்டுக்கு அமைச்சரவை எழுத்து வடிவில் ஒப்புதல் அளித்துள்ளதா? ஆம் எனில், எந்தத் தேதியில்? நிதி அமைச்சகம் அதற்கு இசைவு தெரிவித்ததா?” இதற்கு ‘நடைபெற்று வருகிறது’ என்று சொல்லித் தப்ப முடியாது. தேதி இருக்க வேண்டும், அல்லது ஒப்புதல் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நிதி அமைச்சகத்தை ஏன் இழுக்கிறேன் என்றால், சுற்றுச்சூழல் அமைச்சர் மாநாட்டு மேடையில் கொடுக்கும் வாக்குறுதிக்குப் பணம் ஒதுக்க வேண்டியவர் அவர் அல்லர்.

கேள்வியின் சொற்களைவிட முக்கியமானது அதைக் கேட்கும் காலம். 1992-இல் உருவான ஐ.நா. காலநிலை மாற்ற உடன்படிக்கையின் கீழ் இத்தனை மாநாடுகள் நடந்தும், வாக்கெடுப்பு பற்றிய விதியை நாடுகள் இன்றுவரை ஏற்கவில்லை. எல்லா முடிவுகளும் ஒருமித்த கருத்தின் அடிப்படையில்தான் எடுக்கப்படுகின்றன. ஒரு வாசகத்துக்குக் கடுமையாக ஆட்சேபம் தெரிவிக்கும் சில நாடுகளே அதை நிறுத்திவிட முடியும். எனவே மேசையில் உட்காரும் அதிகாரிகளின் கையில் உள்ள அறிவுறுத்தலுக்கு மிகப் பெரிய மதிப்பு உண்டு. அந்த அதிகாரிகள் நவம்பரில் திடீரென்று கூடிப் பேசத் தொடங்குவதும் இல்லை. ஆண்டின் நடுவில் ஜெர்மனியின் பான் நகரில் மாநாட்டுக்கான வரைவுகளை அலசும் துணை அமைப்புகளின் கூட்டம் நடக்கும். வரைவுகளில் எது நிற்கும், எது உடன்பாடு எட்டாமல் அடைப்புக்குறிக்குள் தொங்கும் என்பதில் பெரும்பகுதி அங்கேயே தெரிந்துவிடும். பான் கூட்டத்துக்கு முன்பே நம் நிலைப்பாட்டைக் கேட்டுவிட வேண்டும். விமானம் ஏறிய பிறகு கேட்பது கண்கெட்ட பிறகு செய்யும் சூரிய நமஸ்காரம்தான்.

நாடுகள் தாக்கல் செய்யும் உமிழ்வுக் குறைப்புத் திட்டங்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின்படி அந்த இலக்கை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மாநாடு எந்த நாட்டுக்கும் இலக்கு நிர்ணயித்துக் கொடுப்பதில்லை. மூன்றாம் சுற்றுத் திட்டங்களுக்கான கெடு 2025 பிப்ரவரி 10. பெரும்பாலான நாடுகள் அதைத் தவறவிட்டன. உள்நாட்டில் மின்சாரத் துறையும் போக்குவரத்துத் துறையும் தொழில் துறையும் எண்களில் உடன்படாமல் இழுத்தடித்தால் வெளிநாட்டு மாநாடு என்ன செய்யும்? அந்த இழுபறியை வெளிச்சத்துக்குக் கொண்டுவரக்கூடிய இடம் அவைதான்.

பிரிட்டன் நல்ல உதாரணம். கிளாஸ்கோவில் 2020 நவம்பரில் நடக்க வேண்டிய காப்-26 மாநாட்டுக்கு (இந்த உச்சிமாநாடுகளின் வரிசையில் 26-ஆவது) அந்த நாடு தலைமை ஏற்றது. தலைவராக நியமிக்கப்பட்டிருந்த கிளேர் ஓநீல் 2020 ஜனவரி இறுதியில் நீக்கப்பட்டார். அடுத்த மாதம் அலோக் சர்மா வந்தார். ஆனால் வணிகத் துறை அமைச்சர் பொறுப்பையும் அவரே சுமந்தார். பெருந்தொற்றால் மாநாடு ஓராண்டு தள்ளிப்போனது. 2021 ஜனவரியில்தான் அவர் முழுநேரத் தலைவரானார். பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கீழவையின் வணிகம், எரிசக்தி, தொழில் உத்திக் குழு இந்த ஆயத்தங்களை ஆராய்ந்து 2021 மார்ச்சில் இடைக்கால அறிக்கை வெளியிட்டது. மாநாட்டின் இலக்குகள் இன்னும் தெளிவாக வேண்டும், எதை வெற்றி என்று கொள்வது என்பதை அரசு சொல்ல வேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கை. மாநாட்டுக்கு எட்டு மாதம் இருக்கும்போதே இதைக் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். திருத்திக்கொள்ள அவகாசம் இருந்தது.

அதே காலத்தில் பிரிட்டிஷ் உறுப்பினர்கள் எழுப்பிய வேறு இரண்டு விஷயங்களை நான் இன்னும் உயர்வாக மதிக்கிறேன். இங்கிலாந்தின் கம்ப்ரியா பகுதியில் புதிய நிலக்கரிச் சுரங்கத்துக்கு உள்ளாட்சி அனுமதி கொடுத்திருந்தது. 2021 ஜனவரியில் மத்திய அரசு அதில் தலையிட மறுத்தது. நிலக்கரியைக் கைவிடும்படி உலகத்தை அழைக்கப்போகும் நாடு இதை எப்படி விளக்கும் என்ற கேள்வி அவையிலும் குழுக்களிலும் வெளியிலும் ஓயவில்லை. மார்ச்சில் அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டு விசாரணைக்கு உத்தரவிட்டது. அடுத்தது வெளிநாட்டு உதவி. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதமாக இருந்த உதவி 0.5 ஆகக் குறைக்கப்பட்டது. ஏழை நாடுகளின் நம்பிக்கையைப் பெற வேண்டிய ஆண்டில் இப்படிச் செய்யலாமா என்று ஆளுங்கட்சி உறுப்பினர்களே எதிர்த்தார்கள். 2021 ஜூலையில் 333-க்கு 298 என்ற வாக்குகளில் அரசு வென்றது. தோற்றுப்போன வாக்கெடுப்புதான். ஆனால் ஒவ்வொரு உறுப்பினரும் எந்தப் பக்கம் நின்றார் என்பது பதிவேட்டில் ஏறிவிட்டது.

பணத்தைப் பற்றிய கேள்வியில் மிகுந்த கவனம் தேவை. 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டுவோம் என்று பணக்கார நாடுகள் 2009-இல் கோபன்ஹேகன் மாநாட்டில் சொன்னன. பெரும்பாலும் பணக்கார நாடுகளைக் கொண்ட ஓ.இ.சி.டி. அமைப்பின் கணக்கின்படியே அந்த அளவு முதன்முதலில் எட்டப்பட்டது 2022-இல்தான். அதிலும் அரசுகள் வழியாக வந்த பணத்தில் பெரும்பங்கு கடன். 2024-இல் அசர்பைஜானின் பாகு மாநாட்டில் 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று புதிய இலக்கு வைத்தார்கள். ஆகவே கொடுக்கும் நாட்டு உறுப்பினர் கேட்க வேண்டியவை: இது புதிய பணமா, பழைய உதவி ஒதுக்கீட்டுக்கு ஒட்டிய புதிய பெயரா? மானியம் எவ்வளவு, கடன் எவ்வளவு? வேறு எந்தத் தலைப்பிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது? பெறும் நாட்டு உறுப்பினருக்கும் வேலை இருக்கிறது. வந்த பணம் எந்தத் திட்டத்துக்குப் போனது, கடனாக வந்ததை யார் அடைப்பார்கள் என்று அவர் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப் போவதில்லை.

“பேச்சுவார்த்தை உத்தியை வெளியில் சொன்னால் நம் கை பலவீனமாகும்” என்று அமைச்சர்கள் சொல்வார்கள். இதில் பாதி நியாயம் இருக்கிறது. எந்த இடம் வரை இறங்கி வருவோம் என்பதை ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டியதில்லை. எதற்காகப் போகிறோம் என்பதை மறைக்கவும் தேவையில்லை. டென்மார்க்கில் முக்கியமான விஷயங்களில் ஐரோப்பிய ஒன்றிய அமைச்சர்கள் கூட்டத்துக்குப் போகுமுன், அமைச்சர் தன் நிலைப்பாட்டை நாடாளுமன்றக் குழுவிடம் வைக்க வேண்டும். குழுவில் பெரும்பான்மை எதிர்க்காவிட்டால்தான் அதை வைத்துப் பேசலாம். அந்த நாட்டின் பேரம் பேசும் திறன் இதனால் குலைந்துவிடவில்லை. ரகசியம் காக்க வேண்டியதை மூடிய அமர்வில் சொல்லலாம்.

அவையைப் புறக்கணித்துவிட்டுக் கையெழுத்திட்டால் என்ன ஆகும் என்பதற்கு, பணக்கார நாடுகளுக்கு உமிழ்வு வரம்பு விதித்த கியோட்டோ நெறிமுறை சாட்சி. வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லாத அல்லது அமெரிக்கப் பொருளாதாரத்தைக் கடுமையாகப் பாதிக்கும் ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடக் கூடாது என்று 1997 ஜூலையில் அமெரிக்க செனட் 95-0 என்று தீர்மானம் போட்டது. டிசம்பரில் கியோட்டோ நெறிமுறை உருவானது, அடுத்த ஆண்டு அமெரிக்கா கையெழுத்திட்டது. ஒப்புதலுக்காக அது செனட்டுக்கு அனுப்பப்படவே இல்லை. அந்தத் தீர்மானம் காலநிலைக்கு நல்லது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவையின் மனநிலையை அரசு முன்பே எதிர்கொண்டிருக்க வேண்டும். உலகம் பல ஆண்டுகளை இழந்தது.

இதைப் படிக்கும் நீங்கள் உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதலாம். நீண்ட மனு வேண்டாம். ஒரே கேள்வி, அதில் தேதியோ தொகையோ பதவியின் பெயரோ கேட்கப்பட்டிருக்க வேண்டும். பான் கூட்டத்துக்கு இரண்டு மாதம் முன்பாவது அவர் கையில் கிடைக்க வேண்டும். கேள்விக்கு முன்னறிவிப்புக் காலம் உண்டு. மாநாடு முடிந்த அடுத்த கூட்டத்தொடரில் இரண்டாவது கடிதம் எழுதுங்கள்: நமது குழு எந்த வாசகத்தை ஆதரித்தது, எதை எதிர்த்தது, தனக்குக் கொடுக்கப்பட்ட அறிவுறுத்தலிலிருந்து எங்கே விலகியது, அதற்கு யார் அனுமதி கொடுத்தார் என்று அறிக்கையை அவையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் கடிதத்துக்குப் பதில் எழுதாத உறுப்பினர்களும் இரண்டாவது கடிதத்துக்குப் பதில் எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பதில் பிறகு எங்களைப் போன்றவர்களின் கோப்புக்கு வரும். அடுத்த ஆண்டுக் கேள்வியின் முதல் வரியை அதிலிருந்துதான் எழுதுகிறோம்.