வழுப் பட்டியலில் வளரும் வலைப்பதிவு

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில், நிரலில் கண்ட பிழைகளைப் பதிந்துவைக்கத்தான் 'இஷ்யூஸ்' பகுதி இருக்கிறது. ஆனால் அதில் பதியும் ஒவ்வோர் இஷ்யூவுக்கும் ஒரு தலைப்பு உண்டு. எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுனில் நீளமாக எழுத இடம் உண்டு. வகைப்படுத்த லேபிள்கள் உண்டு. அடியில் பிறர் கருத்துச் சொல்லவும் முடியும். ஒரு வலைப்பதிவின் பின்னணிக்கு வேறென்ன வேண்டும்? எழுதியதை வெளியே எடுத்துப் பக்கமாக்கும் வழி மட்டுமே பாக்கி.

அந்த வழி கிட்ஹப்பின் ஏபிஐ, அதாவது பிற நிரல்கள் அதனிடம் தரவைக் கேட்டுப் பெறும் வாயில். களஞ்சியத்தின் (ஒரு திட்டத்தின் கோப்புகள் இருக்கும் இடம்) பெயரைச் சொல்லிக் கேட்டால், அதன் இஷ்யூக்கள் நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசன் வடிவில் வந்துவிடும். இதை வாசகரின் உலாவியே நேரடியாகக் கேட்கும்படி செய்வது எளிது. ஆனால் அடையாளச் சாவி இல்லாமல் கேட்டால், ஓர் ஐபி முகவரிக்கு மணிக்கு 60 கோரிக்கைகள்தான் அனுமதி. ஒரே இணைப்பைப் பலர் பகிரும் இடத்தில் இது சட்டென்று தீர்ந்து, பக்கம் வெறுமையாக நிற்கும். சாவியைப் பக்கத்திலேயே வைக்கவும் கூடாது. மூலநிரலைத் திறந்து பார்க்கும் எவரும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே நான் பரிந்துரைப்பது, சொல்லிவைத்த வேலைகளைத் தானாகச் செய்யும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ். இஷ்யூ ஒன்றைத் திறந்தாலோ திருத்தினாலோ அது தானாக இயங்கி, ஏபிஐயிலிருந்து உரையை எடுத்து, எச்டிஎம்எல் பக்கங்களை உருவாக்கி, கிட்ஹப்பின் இணையப் பக்கச் சேவையான கிட்ஹப் பேஜஸில் ஏற்றிவிடும்படி அமைக்கலாம். வாசகருக்குப் போவது முன்பே தயாரான பக்கம். எத்தனை பேர் படித்தாலும் ஏபிஐக்குச் சுமையில்லை.

இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். பொதுக் களஞ்சியத்தில் இயல்பாக யார் வேண்டுமானாலும் இஷ்யூ திறக்கலாம். எழுதியவர் பெயரைச் சரிபார்க்காவிட்டால், முன்பின் தெரியாதவரின் எழுத்து உங்கள் பதிவாக வெளியாகிவிடும். அதைவிட ஆபத்தானது தலைப்பு: ஆக்‌ஷன் இயக்கும் ஷெல் கட்டளைக்குள் (கணினிக்கு எழுத்தில் இடும் ஆணை) அதை அப்படியே ஒட்டினால், தலைப்பில் ஒளித்துவைத்த கட்டளையும் சேர்ந்து இயங்கும். தலைப்பைச் சூழல் மாறி (கட்டளைக்கு வெளியே மதிப்பை வைத்துத் தரும் பெயர்) வழியாகக் கொடுத்து, அந்த மாறியை மேற்கோள் குறிக்குள் வைத்தே பயன்படுத்துங்கள். நிரலில் மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் புல் ரிக்வெஸ்ட்களும் ஏபிஐ தரும் இதே பட்டியலில் கலந்து வரும். அவற்றையும் வடிகட்ட வேண்டும்.

பலர் கவனிக்காத இன்னொன்று: இஷ்யூக்கள் களஞ்சியத்தின் கோப்புகளையும் மாற்றங்களையும் பதிந்துவைக்கும் 'கிட்' மென்பொருளுக்குள் இல்லை, கிட்ஹப்பின் தரவுத்தளத்தில் இருக்கின்றன. களஞ்சியத்தை குளோன் செய்தால் (உங்கள் கணினிக்கு நகலெடுத்தால்) நிரல் வரும், கட்டுரைகள் வராது. கணக்கு முடங்கினால் பல ஆண்டு எழுத்து கைக்கு எட்டாமல் போகலாம். அதனால் பக்கங்களை உருவாக்கும் அதே ஆக்‌ஷன், ஒவ்வொரு பதிவையும் மார்க்டவுன் கோப்பாகக் களஞ்சியத்தில் சேமிக்கும்படி முதல் நாளே அமைத்துவிடுங்கள்.