அடியிறக்கமும் திசு ஒட்டும்: ‘பயலாஜிக்கல் மெஷ்’ – சொல் விளக்கம்

பெரியம்மா கையெழுத்துப் போட வேண்டிய ஒப்புதல் தாளில் “இடுப்பு உறுப்புச் சரிவை உயிரியல் வலை கொண்டு பழுது பார்த்தல்” என்று அச்சிட்டிருந்தது. நான் வாசித்துக் காட்டினேன். “இடுப்புல எனக்கு ஒண்ணும் இல்லியே கண்ணு, அடிதானே தள்ளுது” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “வலைன்னா நைலான் வலையா?” என்று கேட்டார். இரண்டும் சரியான கேள்விகள். அந்தத் தாளில் இரண்டுக்கும் பதில் இல்லை. அவர் உடம்புக்குள் வைக்கப்போவது என்ன என்பதை அவருக்கே சொல்லாத ஒரு தமிழ் அது. அதனால்தான் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

முதலில் ‘பெல்விக் ஆர்கன் புரொலாப்ஸ்’. தாளில் ‘இடுப்பு உறுப்புச் சரிவு’ என்று பெயர்த்தது இதைத்தான்: தாங்கும் தசை தளர்ந்து கருப்பை, சிறுநீர்ப்பை போன்றவை கீழே இறங்கும் நோய். பெல்விஸ் என்றால் இலத்தீனில் அகன்ற பாத்திரம். இடுப்பெலும்புகள் சேர்ந்து நிற்கும் வடிவம் அப்படி இருப்பதால் உடற்கூறு அறிந்தவர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். தமிழ் நூல்களில் இடுப்புக்குழி, இடுப்புக்கூடு, கூபகம் என்றெல்லாம் வரும். கூபம் வடமொழியில் கிணறு, குழி. எல்லாம் சரிதான், ஆனால் பேச்சில் இடுப்பு என்றால் சேலை செருகுகிற இடம், பிள்ளையைத் தூக்கி வைக்கிற இடம். கருப்பையும் சிறுநீர்ப்பையும் இருக்கும் இடமாக அந்தச் சொல் யார் காதிலும் விழுவதில்லை.

பெண்கள் இந்த நோயைச் சொல்லும் விதம் வேறு. “அடி தள்ளுது”, “அடி இறங்குது” என்பார்கள். பானைக்கு அடி உண்டு, சட்டிக்கு அடி உண்டு. உடம்பின் நடுப்பகுதியைப் பாத்திரமாகப் பார்த்தால், உள்ளே இருப்பதைத் தாங்கும் தசைத்தளம்தான் அதன் அடி. இலத்தீன்காரர் பாத்திரம் என்றார், நம் பெண்கள் அந்தப் பாத்திரத்தின் அடியைச் சொன்னார்கள். இவ்வளவு பொருத்தமான சொல்லைக் கொச்சை என்று ஒதுக்கிவிட்டு ‘இடுப்பு உறுப்பு’ என்று எழுதுவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

‘புரொலாப்ஸ்’ இலத்தீனின் ‘லாபி’ என்ற வினையடியில் பிறந்தது. நழுவுதல், வழுக்கி விழுதல் என்று பொருள். முன்னே ‘புரோ’ சேர்ந்து, முன்னோக்கி நழுவுதல் ஆயிற்று. ‘கொலாப்ஸ்’ என்பதும் இதே வேரில் வந்ததுதான். தமிழில் இதற்குச் சரிவு, நழுவல், பிதுக்கம், இறக்கம் என்று பல சொற்கள் புழங்குகின்றன. சரிவு மலைக்கும் விலைக்கும் பொருந்தும். பிதுக்கம் என்றால் அழுத்தி வெளியே தள்ளுவது. இறக்கம்தான் மக்கள் வாயில் ஏற்கெனவே உள்ளது. ‘கர்ப்பப்பை இறக்கம்’ என்று சொன்னால் புரியாதவர் இல்லை.

அந்தப் பெயரிலும் ஒரு குறை உண்டு. இறங்குவது கர்ப்பப்பை மட்டுமல்ல. பிறப்புவழியின் முன்சுவர் தளர்ந்து சிறுநீர்ப்பை புடைத்து வருவதுதான் அதிகம். பின்சுவர் தளர்ந்தால் மலக்குடல் புடைக்கும். கர்ப்பப்பையை எடுத்த பிறகு பிறப்புவழியின் உச்சியே கீழே இறங்கலாம். “அதான் கர்ப்பப்பையை எடுத்தாச்சே, இனி என்ன இறங்கும்?” என்று நினைத்துப் பல வருடம் சும்மா இருந்துவிடும் பெண்கள் உண்டு. பெயர் செய்த வேலை அது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘அடியிறக்கம்’ என்று வைத்துக்கொண்டு, தேவைப்படும் இடத்தில் உறுப்பின் பெயரைச் சேர்க்கலாம். குடலிறக்கம் என்ற சொல் ஏற்கெனவே ஹெர்னியாவுக்குப் போய்விட்டது, அதனால் மலக்குடல் விஷயத்தில் மட்டும் ‘மலக்குடல் புடைப்பு’ என்று எழுதுவது நல்லது.

எல்லா அடியிறக்கத்துக்கும் கத்தி தேவையில்லை. 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் எழுதிய அடித்தசைப் பயிற்சி இருக்கிறது. உள்ளே வைத்துத் தாங்கிப் பிடிக்கும் வளையம் இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயரான ‘பெசரி’, கிரேக்க விளையாட்டுக் காய் ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. இவை போதாதபோதுதான் அறுவை சிகிச்சை. தளர்ந்த சுவரை மடித்துத் தைப்பதற்கு ‘கால்போராஃபி’ என்று பெயர். கிரேக்கத்தில் ‘கோல்போஸ்’ மடிப்பு, ‘ராஃபே’ தையல். ஆக, தமிழில் ‘சுவர்த் தையல்’ என்றாலே போதும். பழுது பார்ப்பது மோட்டாருக்கு. உடம்புக்குச் சீரமைப்பு.

இனி ‘மெஷ்’, தாளில் ‘வலை’ என்று பெயர்த்த சொல். ஆங்கிலத்தில் அது முதலில் வலையைக் குறிக்கவில்லை. நூல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைத்தான் குறித்தது. தமிழில் அதற்குக் கண் என்று பெயர், வலைக்கண். மீனவர்கள் கண்ணின் அளவை வைத்துத்தான் வலையை வகை பிரிக்கிறார்கள்.

பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையில் பின்னிய செயற்கை மெஷ்ஷுக்கு ‘வலை’ என்பது சரியான பெயர். அங்கேயும் கண்தான் முக்கியம். கண் 75 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) மேல் இருந்தால் வெள்ளணுக்களும் புதிய இரத்தக்குழாய்களும் உள்ளே போகும். ரொம்பச் சின்னக் கண்ணாக இருந்தால் கிருமி நுழைந்துவிடும், அதைத் தின்ன வரும் அணு நுழைய முடியாது. ஹெர்னியாவுக்குப் பயன்பட்ட இந்த வலை அப்புறம் அடியிறக்கத்துக்கும் வந்தது. பிறப்புவழியாக வைத்த வலை சிலருக்குச் சுவரை அரித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. தீராத வலி வந்தது, தாம்பத்தியம் துன்பமானது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2008-இலும் 2011-இலும் எச்சரித்தது. 2016-இல் இந்த வலையை அதிக ஆபத்துள்ள வகையில் சேர்த்தது. 2019 ஏப்ரல் 16 அன்று, பிறப்புவழியாக அடியிறக்கத்துக்கு வைக்கும் வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. ஆஸ்திரேலியா 2017 இறுதியிலேயே அந்த முடிவை எடுத்துவிட்டது.

இதற்கு மாற்றாகப் பேசப்படுவதுதான் ‘பயலாஜிக்கல் மெஷ்’. இது எதிலிருந்து வருகிறது? பன்றியின் தோல், பன்றிச் சிறுகுடலின் உட்படலம், மாட்டின் இதய உறை, இறந்த மனிதர் கொடையாகத் தந்த தோல் அல்லது தொடைத் தசையுறை. நோயாளியின் சொந்தத் தொடையிலிருந்தே எடுப்பதும் உண்டு. விலங்குத் திசுவில் உள்ள உயிரணுக்களைக் கழுவி நீக்கிவிடுவார்கள். மிஞ்சுவது கொலாஜன் என்ற புரதத்தாலான சட்டகம். கையில் எடுத்தால் வெளிறிய, ஈரமான, மெல்லிய தோல் துண்டு மாதிரி இருக்கும். பெரும்பாலும் அதில் கண்ணே கிடையாது. கண் இல்லாததை வலை என்று எப்படிச் சொல்வது?

மருத்துவர்களுக்கே இந்தக் குழப்பம் இருந்தது. பன்னாட்டு மகளிர் சிறுநீரியல் சங்கமும் பன்னாட்டுச் சிறுநீரடக்கச் சங்கமும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட கலைச்சொல் அறிக்கையில், செயற்கைப் பின்னலை ‘மெஷ்’ என்றும் உயிர்த்திசுவை ‘கிராஃப்ட்’ என்றும் பிரித்தார்கள். கிராஃப்ட், கிரேக்கத்தின் எழுத்தாணியைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. ஒட்டுக்கட்டச் சீவிய குச்சி எழுத்தாணி போல இருந்ததாம்.

நமக்கு இதற்கு அருமையான சொல் இருக்கிறது: ஒட்டு. ஒட்டு மாங்கன்று தெரியாத வீடு ஏது? கிழிந்த சட்டைக்குப் போடுவதும் ஒட்டுதான். இந்தச் சிகிச்சையில் இரண்டு பொருளும் சேர்ந்து வருகின்றன. நைந்த சுவருக்கு முட்டுக் கொடுக்கிற துண்டாக அதை வைக்கிறார்கள், பிறகு உடம்பின் அணுக்கள் அதற்குள் வளர்ந்து பற்றிக்கொள்கின்றன. மருத்துவமனைகளில் ‘ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சைத் துறை’ என்ற பலகையும் இருக்கிறது. புதிதாகப் படைக்கவே வேண்டாம்.

‘உயிரி’ என்ற முன்சொல்லையும் விட்டுவிடலாம். உயிரி என்றால் உயிருள்ளது. அணுக்களை நீக்கிய தோலில் உயிர் ஏது? ‘திசு ஒட்டு’ போதும். அதற்கு முன்னால் எதன் திசு என்று கட்டாயம் எழுத வேண்டும்: தன் திசு ஒட்டு, கொடைத் திசு ஒட்டு, பன்றித்தோல் ஒட்டு, மாட்டு இதய உறை ஒட்டு. பன்றியை விலக்கியவர், மாட்டைத் தொடாதவர், இரண்டையும் உண்ணாதவர் எல்லாரும் கையெழுத்துப் போடும் தாள் அது. ‘உயிரியல் வலை’ என்ற பெயர் அந்த விவரத்தை அவர்களிடமிருந்து மறைக்கிறது.

தாளின் பின்பக்கத்தில் நான் இப்படி எழுதி வாசித்தேன்: “அடியிறக்கத்துக்கு, பன்றித்தோல் ஒட்டு வைத்து, பிறப்புவழிச் சுவரைத் தைத்துச் சீரமைத்தல்.” பெரியம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். மருத்துவர் வந்ததும், “டாக்டர், ஒட்டு வைக்காம வெறுமனே தைக்க முடியாதா?” என்று கேட்டார்.

பிரிட்டனில் 35 மருத்துவமனைகளில் 1,300-க்கும் அதிகமான பெண்களை வைத்து நடந்த பிராஸ்பெக்ட் ஆய்வு கேட்டதும் இதையேதான். 2017-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. முதல்முறை சீரமைக்கும்போது, சொந்தத் திசுவை மடித்துத் தைத்தவர்களைவிட வலையோ ஒட்டோ வைத்தவர்கள் இரண்டு ஆண்டுகளில் மேலான பலன் அடையவில்லை.

மருத்துவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முடியும் என்றார். மறுபடி இறங்கவும் வாய்ப்பு உண்டு, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். அச்சிட்ட வரியை அடித்துவிட்டு, “தன் திசுவால் சுவர்த் தையல்” என்று கையால் எழுதினார். அதை மட்டும் பெரியம்மா கண்ணாடி போட்டுத் தானே எழுத்துக்கூட்டி வாசித்தார். பேனாவைக் கேட்டார்.