தான்தோன்றிக் கலை: ‘அவுட்சைடர் ஆர்ட்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பிரான்சில் டிசி என்றொரு சிற்றூர். 1983-இல் அங்கே திறக்கப்பட்ட லா ஃபாபுலோசரி என்ற அருங்காட்சியகத்தின் வளாகத்தில் ஒரு பெரிய ராட்டினம் இருக்கிறது. பழைய தகரத்தையும் கம்பியையும் மரத்துண்டுகளையும் கோத்துச் செய்தது. விமானம், வண்டி, மாடு, மனிதர் என்று எல்லாமே அசையும். செய்தவர் பியர் அவேசார். காதும் பேச்சும் சரியாக வாய்க்காத இவர் மாடு மேய்த்துப் பிழைத்தவர். கலைப்பள்ளி எதிலும் பயின்றதில்லை.

இப்படிப்பட்ட படைப்புகளைத்தான் ‘அவுட்சைடர் ஆர்ட்’ என்கிறார்கள். நேராகப் பெயர்த்தால் ‘வெளியாள் கலை’ என்று வரும். அது எனக்கு உறுத்துகிறது. வெளியாள் என்று நாம் யாரைச் சொல்வோம்? ‘இங்கே உனக்கு என்ன வேலை’ என்று கேட்கத் தோன்றும் ஆளைத்தானே?

இந்த ஆங்கிலப் பெயருக்கு மூலம் பிரெஞ்சில் இருக்கிறது. 1945-இல் ழான் துபுஃபே என்ற ஓவியர் ‘ஆர் ப்ரூ’ என்ற பெயரை உருவாக்கினார். ப்ரூ என்றால் பட்டை தீட்டாதது, பதப்படுத்தாதது. மனநல விடுதிகளிலும் சிறைகளிலும் தனிமையிலும் இருந்தவர்கள் தமக்காகவே செய்தவற்றை அவர் தேடிச் சேகரித்தார். அந்தச் சேகரிப்புக்கு 1976-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் ஓர் அருங்காட்சியகமே அமைந்தது. அதற்கு முன்பே, 1972-இல், ரோஜர் கார்டினல் என்ற ஆய்வாளர் ஆங்கிலத்தில் எழுதிய நூலுக்கு ‘அவுட்சைடர் ஆர்ட்’ என்று தலைப்பு வந்தது. கவனித்துப் பாருங்கள்: பிரெஞ்சுச் சொல் படைப்பின் தன்மையைச் சொன்னது. ஆங்கிலச் சொல் படைத்தவர் எங்கே நிற்கிறார் என்று சொல்கிறது, அதுவும் கலைக்கூடத்துக்குள் இருந்து பார்ப்பவரின் கணக்கில். ஓத்ரீவ் ஊரில் 1879 முதல் 1912 வரை, 33 ஆண்டுகள், பொறுக்கிய கற்களால் ஒரு மாளிகை கட்டிய ஃபெர்டினான் ஷெவால் அந்த வட்டாரத்துத் தபால்காரர். வீடு வீடாகப் போனவரை எதற்கு வெளியே என்று சொல்வது?

சரி, ‘ப்ரூ’வையே பிடித்துக்கொண்டு ‘பச்சைக்கலை’ எனலாமா? பச்சை குத்துவதுதான் நினைவுக்கு வரும். ‘நாட்டுப்புறக் கலை’ அறவே பொருந்தாது. அது தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருவது. இங்கோ குருவும் இல்லை, மரபும் இல்லை.

என் தேர்வு ‘தான்தோன்றிக் கலை’. தான்தோன்றி என்றால் தானே தோன்றியது, வடமொழியில் சுயம்பு. யாரும் செதுக்கி வைக்காமல் தானாக வெளிப்பட்டதை அப்படிச் சொல்வது நம் வழக்கம். ‘தான்தோன்றித்தனம்’ என்ற வசவும் இதிலிருந்து பிறந்ததுதானே என்று சிலர் தயங்கலாம். அந்தச் சாயலும் இருக்கட்டும் என்பேன். யாரையும் கேட்காமல், யார் சொன்னாலும் நிறுத்தாமல் 33 ஆண்டுகள் கல் சுமந்தவரின் பிடிவாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

இதோடு சேர்த்தே சொல்லப்படும் இன்னொரு பெயர் ‘விஷனரி ஆர்ட்’, அதாவது மனத்துக்குள் கண்ட காட்சியிலிருந்து பிறக்கும் கலை. அமெரிக்காவின் பால்டிமோரில் 1995-இல் திறந்த அருங்காட்சியகம் இந்தப் பெயரைத்தான் வைத்துக்கொண்டது. ‘காட்சிக்கலை’ என்று எழுதினால் குழப்பம். கண்ணால் காணும் கலை எல்லாவற்றுக்கும் அது பொதுப்பெயராகிவிட்டது. ‘அகக்காட்சிக் கலை’ என்றால் தெளிவு. ஜார்ஜியா மாநிலத்தில் போதகராக இருந்த ஹோவர்ட் ஃபின்ஸ்டர், 1976-இல் சைக்கிளுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தபோது விரலில் ஒட்டிய வண்ணத்தில் ஒரு முகத்தைக் கண்டதாகவும், புனித ஓவியங்கள் தீட்டும்படி ஓர் உணர்வு ஆணையிட்டதாகவும் சொன்னார். அதன் பிறகு அவர் தீட்டியவை ஆயிரக்கணக்கில்.

இரண்டு பெயர்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். அவேசாரின் ராட்டினத்தில் சுழல்பவை அவர் வெளியே கண்ட மாடுகளும் வண்டிகளும்தான். அது தான்தோன்றி, அகக்காட்சி அன்று. ஃபின்ஸ்டருடையது இரண்டும்.