பாரெஸ்தீசியா: மரத்துப்போனதா, மதமதப்பா?

கீழ்க்கடைவாய்ப் பல்லைப் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும், உதடு பாதி முகத்துக்கு வீங்கித் தொங்குகிற மாதிரி இருக்கும், கண்ணாடியில் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. சாதாரணமாக 3 முதல் 5 மணி நேரத்தில் சரியாகிவிடும். ஊசியிலுள்ள லிக்னோகைன், நரம்பில் சோடியம் நுழையும் வழியைக் கொஞ்ச நேரம் அடைத்து வைக்கிறது, அவ்வளவுதான். மருந்தின் வேலை முடிந்த பிறகும் உதட்டிலோ நாக்கிலோ அந்த உணர்வு நீடித்தால், பல் மருத்துவர் அதற்கு வைக்கிற பெயர் பாரெஸ்தீசியா.

கிரேக்கச் சொல். 'பாரா' என்றால் பக்கத்தில், வழி விலகி. 'ஐஸ்தேசிஸ்' என்றால் உணர்தல். அதே ஐஸ்தேசிஸுக்கு முன்னால் இல்லை என்று பொருள்படும் 'அன்' சேர்ந்தால் அனஸ்தீசியா. ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்து வலியில்லாமல் அறுவை செய்ய முடியும் என்று காட்டிய அமெரிக்கப் பல் மருத்துவர் மார்ட்டனுக்கு 1846-இல் இந்தப் பெயரைக் கடிதத்தில் எழுதி அனுப்பியவர் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். (அழகியலைக் குறிக்கும் ஈஸ்தெடிக்ஸும் இதே வேர்தான், பல் நாற்காலியில் யாருக்கு அது நினைவு வரும்!)

இனி தமிழ். பல்லுக்குப் போடுவதை 'மயக்க ஊசி' என்பது எனக்கு உடன்பாடில்லை, வாயைப் பிளந்துகொண்டு முழு நினைவோடு உட்கார்ந்திருப்பவர் எங்கே மயங்கினார்? மரப்பு ஊசி என்பதே பொருத்தம். ஈழத்தில் விறைப்பு ஊசி என்பார்கள், அதுவும் நன்று. 'திமிர்' என்ற சொல்லுக்கும் மரத்துப்போதல் என்ற பழைய பொருள் உண்டு, ஆனால் இன்று 'உதட்டில் திமிர்' என்றால் சண்டைதான் வரும்.

பாரெஸ்தீசியாவுக்குப் பலரும் உணர்விழப்பு என்று எழுதிவிடுகிறார்கள். அது அனஸ்தீசியாவுக்குத்தான் பொருந்தும், கிள்ளினாலும் தெரியாமல் மரக்கட்டையாகக் கிடப்பது. இங்கே உணர்வு இருக்கிறது, ஆனால் தடிப்பாக, ஊசி குத்துவதுபோல, எறும்பு ஊர்வதுபோல மாறி இருக்கிறது. இதற்கு நம் வீட்டுச் சொல்லே தயாராக இருக்கிறது: மதமதப்பு. பாடநூலுக்கு வேண்டுமானால் உணர்வுப் பிறழ்வு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊசிமுனை நரம்பில் பட்டதாலோ, நரம்பைச் சுற்றி இரத்தம் கசிந்ததாலோ, மருந்தாலேயோ இது வரலாம். அதிகம் மாட்டுவது நாக்கு நரம்பு. பெரும்பாலும் சில வாரங்களில், அல்லது சில மாதங்களில் தானாகத் தணியும். ஆனாலும் மறுநாளும் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், சொல்லும்போது மரத்திருக்கிறதா மதமதவென்று இருக்கிறதா என்பதையும் சேர்த்து.